ஆனைக்கற்றாழையைப் பிடுங்காமல் ஆள்வது எப்படி?

வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் போகும் சாலையின் இருபுறமும் மனை வாங்குகிறவர்கள் பத்திரம் பதிந்த கையோடு செய்யும் முதல் வேலை, பொக்லைனை வரவழைத்து எல்லையோரக் கற்றாழையைப் பெயர்த்துப் போடுவது. மணிக்கணக்கில் வாடகை ஏறுகிறது. மண்ணுக்குள் அறுந்து கிடக்கும் கிழங்குத் துண்டுகள் அடுத்த மழையிலேயே ஆளுக்கொரு முளை விடுகின்றன. அதற்குள் அங்கே கருங்கல் தூணும் முள்கம்பியும் வந்துவிட்டிருக்கும். அதை இரவோடு இரவாக அறுத்துக்கொண்டு போகவும் ஆள் உண்டு. கற்றாழை வேலியை இதுவரை யாரும் திருடிக்கொண்டு போனதில்லை.

பெருங்களத்தூரில் குடியிருக்கும் எங்களுக்கும் அந்தப் பக்கம் ஒரு சிறு நிலம் இருக்கிறது. மூன்று பக்கம் கற்றாழை வேலி. அதைப் பராமரிக்கவும் நார் எடுக்கவும் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் மாமியார். உத்திரமேரூர்ப் பக்கத்துக் கொல்லைமேட்டில் பிறந்து வளர்ந்தவர். அவர் ஊரில் வேலி யார் கொல்லையை ஒட்டியிருக்கிறதோ மடல் அவருக்குச் சொந்தம். ஆனால் மாட்டுக்குக் கயிறு இல்லை என்று வந்து கேட்டவருக்கு இல்லை என்று சொல்லும் வழக்கம் கிடையாது. ஒரே ஒரு நிபந்தனைதான். வெட்டத் தெரிந்தவர் மட்டும் வெட்ட வேண்டும். இந்தச் செடியின் நிர்வாகம் முழுவதும் எந்த மடலை எடுப்பது, எதை விடுவது என்பதிலேயே அடங்கியிருக்கிறது.

முதலில் செடியைச் சரியாக அடையாளம் காணுங்கள். சோற்றுக்கற்றாழையும் இதுவும் வெவ்வேறு தாவரக் குடும்பங்கள். சோற்றுக்கற்றாழையின் மடலை ஒடித்தால் வழவழவென்று கூழ் வரும், கையால் எளிதில் ஒடியும், ஆண்டுதோறும் பூக்கும். ஆனைக்கற்றாழையின் மடல் ஒடியாது. உள்ளே நீளவாட்டில் நார் ஓடுவதால் அறுத்தாலும் இழுத்துக்கொண்டு நிற்கும். சாம்பல் பூத்த நீலப்பச்சை நிறம், விளிம்பு நெடுக வளைந்த முள், நுனியில் கறுத்த ஊசி, மடல் ஒவ்வொன்றும் நான்கைந்து அடி. ரயில் பாதையோரங்களில் வேலியாக நட்டதால் ரயில் கற்றாழை என்றும் சொல்வார்கள். இதன் உறவான சிசல் கற்றாழையின் மடல் ஒடுக்கமானது, விறைப்பானது. வளர்ந்த செடியில் விளிம்பு முள் பெரும்பாலும் இருக்காது. நாருக்கு அதுதான் முதல் தரம். உங்கள் எல்லையில் சிசல் இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. முகத்தில் பூசலாம், மோரில் போட்டுக் குடிக்கலாம் என்று யாராவது வேலிக் கற்றாழையை வெட்ட வந்தால் தடுத்து நிறுத்துங்கள். அதன் சாறு தோலைப் புண்ணாக்கும்.

ஆனைக்கற்றாழை, சிசல் இரண்டுமே மெக்சிகோவிலிருந்து வந்தவை. அந்த நாட்டின் யுகடான் கரையில் நார் ஏற்றுமதியான சிசல் துறைமுகத்தின் பெயர்தான் நார்க்கற்றாழைக்கும் ஒட்டிக்கொண்டது. மெக்சிகோவின் நடுப்பகுதி மேட்டுநிலத்தில் உழவர்கள் பூத்தண்டு கிளம்பும் நேரம் பார்த்துக் கற்றாழையின் நடுக்குருத்தைக் குடைந்து குழியாக்குவார்கள். அந்தக் குழியில் ஊறும் தித்திப்புச் சாற்றைத் தினமும் எடுத்து, குழிச் சுவரைச் சுரண்டிவிட்டு வருவார்கள். நம் பனையேறிகள் பாளை சீவும் அதே சூட்சுமம். அந்தச் சாற்றைப் புளிக்கவைத்தால் புல்கே என்ற பானம். டெக்கீலா என்ற மதுவோ, நீலக்கற்றாழை என்ற தனி இனத்தை வேகவைத்து, புளிக்கவைத்துக் காய்ச்சி வடிப்பது. நம் ஊர் வேலியில் இதெல்லாம் வேண்டாம்; இங்கே நாரோடு நிறுத்திக்கொள்வோம்.

வெட்டப் போகும் முன் உடம்பை மூடுங்கள். கற்றாழைச் சாற்றில் கால்சியம் ஆக்சலேட் ஊசி ஊசியான படிகங்களாக இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த ஊசிகள் தோலில் ஏறிவிட்டால் அன்று முழுவதும் அரிப்பு. முழுக்கைச் சட்டை, ரப்பர் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி. மூக்குக்கண்ணாடி போதாது, பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். மீறிப் பட்டுவிட்டால் தேய்க்கக் கூடாது. தேய்க்கத் தேய்க்க ஊசி இன்னும் உள்ளே போகும். ஓடும் தண்ணீரில் கழுவி, பிறகு சோப்பு. கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு நேராகக் கண் மருத்துவரிடம் போய்விட வேண்டும். பாட்டி வைத்தியம் இதில் எடுபடாது.

வெட்டுவதற்குத் தை, மாசி நல்ல மாதங்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்து மடல் செழித்திருக்கும், அலசத் தண்ணீர் இருக்கும், காயவைக்க வெயிலும் வந்துவிடும். கத்திரி வெயிலில் செடியைச் சீண்டாதீர்கள். மடலில் தேக்கிய தண்ணீரை வைத்துத்தான் அது உயிர் பிடித்துக்கொண்டிருக்கிறது.

“நிற்பதைத் தொடாதே, படுத்ததை எடு” என்பது என் மாமியாரின் சட்டம். நடுவில் ஊசிபோல் சுருண்டு நிற்கிறதே, அது குருத்து. அதைச் சுற்றி நிமிர்ந்து நிற்பவை இளம் மடல்கள். அவற்றில் நார் இன்னும் முற்றியிருக்காது. வெட்டினால் செடிக்கும் நஷ்டம், உங்களுக்கும் நஷ்டம். வெளிவட்டத்தில் தரையைப் பார்த்துச் சாய்ந்திருப்பவைதான் நம் பங்கு. நட்டு மூன்று, நான்கு ஆண்டு ஆகாத செடியில் கைவைக்க வேண்டாம். வெட்டி முடித்த பிறகு செடியில் இருபது மடலாவது மிச்சம் இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு வெட்டுக்கு மேல் கூடாது. ஆசைப்பட்டு மொட்டையடித்த செடி அடுத்த ஆண்டு விடும் மடல் குட்டையாக இருக்கும்; குட்டை மடலில் குட்டை நார்; குட்டை நாரில் கயிறு திரித்தால் முழத்துக்கு நாலு ஒட்டு.

முதலில் நுனி ஊசியை நறுக்கிவிடுங்கள். இதைச் செய்யாமல் குனிந்தால் கண் போய்விடும், மிகையாகச் சொல்லவில்லை. பிறகு இரண்டு பக்க விளிம்பையும் அரிவாளால் மேலிருந்து கீழாகச் சீவி முள்ளை எடுத்துவிட வேண்டும். அதன் பிறகே அடிவெட்டு. தண்டோடு ஒட்ட வெட்டாமல் இரண்டு விரற்கடை விட்டு, மழைத்தண்ணீர் தேங்காதபடி சரிவாக வெட்டுங்கள். வெட்டிய மடல்களை நிழலில் அடுக்குங்கள். அன்றைக்கே, தப்பினால் மறுநாளே, நார் எடுத்துவிட வேண்டும். காயவிட்டால் சாறு பிசினாக இறுகி நாரோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு எவ்வளவு சுரண்டினாலும் பழுப்பு போகாது.

நார் எடுக்க இரண்டு வழிகள். ஒன்று சுரண்டுவது, மற்றொன்று ஊறவைப்பது. எனக்குச் சுரண்டுவதுதான் பிடிக்கும். நார் வெள்ளையாக வரும், நாற்றமும் இல்லை.

மடலை நீளவாட்டில் இரண்டு விரற்கடை அகலக் கீற்றுகளாகப் பிளந்துகொள்ளுங்கள். துணி துவைக்கும் கல்லின் மேல் வைத்துக் கொட்டாப்புளியால் (மரச் சுத்தி) தட்டுங்கள். அடிப்பக்கம் தடிமன், அங்கே கொஞ்சம் கூடுதலாகத் தட்ட வேண்டும். சதை நசுங்கிச் சாறு வெளியேறினால் போதும்; நார் அறுந்துபோகும் அளவுக்குக் கோபத்தைக் காட்ட வேண்டாம். பிறகு ஒரு வழவழப்பான பலகையைச் சுவரில் சாய்த்து, அதன் மேல் கீற்றை வைத்து, மழுங்கிய கத்தியால் சுரண்ட வேண்டும். கூர்மையான கத்தி உதவாது. கத்தியைச் சற்றே சாய்த்துப் பிடித்து, நடுவிலிருந்து நுனி நோக்கி ஒரே அழுத்தத்தில் இழுங்கள். முதல் இழுப்பில் பச்சைத் தோல் சுருண்டு வரும். இரண்டாவதில் வெளிர்பச்சைக் குழம்பு. மூன்றாவது, நான்காவது இழுப்பில் கத்திக்குக் கீழே வெள்ளைக் கோடுகள் தெரிய ஆரம்பிக்கும். அழுத்தம் கூடினால் ‘பட்’டென்று ஓர் இழை அறும் சத்தம் கேட்கும், உடனே கையைத் தளர்த்துங்கள். பாதி சுத்தமானதும், சுத்தமான பக்கத்தை ஒரு குச்சியில் சுற்றிப் பிடித்துக்கொண்டு மறுபாதியைச் சுரண்டுங்கள். வெறுங்கையில் சுற்றினால் விரல் அறுத்துக்கொள்ளும்.

ஊறவைப்பவர்கள் தட்டிய கீற்றுகளைக் கட்டாகக் கட்டி, பிளாஸ்டிக் டிரம்மிலோ பழைய சிமெண்டுத் தொட்டியிலோ அமிழ்த்தி, மேலே கல் வைத்துவிடலாம். ஒரு வாரத்திலிருந்து பத்து நாளில் சதை அழுகிக் கழன்றுவிடும். தினமும் ஒரு கீற்றை எடுத்து நகத்தால் கீறிப் பாருங்கள். சதை வழுக்கிக்கொண்டு வந்தால் அன்றே எடுத்துவிட வேண்டும், நாளை என்று விட்டால் நாரும் சேர்ந்து அழுகி வலுவிழக்கும். நாற்றத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை, அடுத்த வீட்டுக்காரர் வந்து சொல்வார். அடுக்குமாடியில் இருப்பவர்கள் இந்த வழியை மறந்துவிடுங்கள்.

எந்த வழியில் எடுத்தாலும் நாரை இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, கொடியில் மெல்லிய பிடிகளாகத் தொங்கவிட்டு வெயிலில் காயவைக்க வேண்டும். வெயில் பட்டால்தான் வெளுக்கும். காய்ந்த பிறகு, பலகையில் ஆணிகளை வரிசையாக அடித்துச் செய்த சீப்பில் இழுத்துச் சிக்கெடுங்கள். சீப்பில் தங்கும் குட்டை நாரைத் தூக்கிப் போடாதீர்கள்; உருட்டிக் கட்டினால் பாத்திரம் தேய்க்க அருமையான நார். பிளாஸ்டிக் நாரைவிட நன்றாகத் தேய்க்கிறது, உடைந்து துகளாகச் சாக்கடைக்கும் போவதில்லை. நான்ஸ்டிக் பாத்திரத்தில் மட்டும் வேண்டாம்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாந்தேன் என்று சொல்லக் கூடாது. 100 கிலோ பச்சை மடலுக்கு 3, மிஞ்சிப்போனால் 4 கிலோ உலர்ந்த நார் தேறும். மீதி எல்லாம் தண்ணீரும் சக்கையும். இதை விற்றுப் பிழைக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு, கையால் சுரண்டி முடியாது என்பதே என் பதில். அனகாபுத்தூர் நெசவாளர்கள் வாழைநாரோடு கற்றாழை நாரும் கலந்து சேலை நெய்கிறார்கள். அங்கே தறி நுட்பத்துக்கு விலை இருக்கிறது. நம்மைப் போன்றவர்களுக்கு இது வீட்டுக்கும் தோட்டத்துக்கும் ஆகும் பண்டம்.

இனிக் கயிறு திரிப்பது. நாரை லேசாக ஈரப்படுத்திக்கொள்ளுங்கள். காய்ந்த நார் அடங்காது. ஒரு பிடி நாரை நடுவில் மடித்து, மடிப்பை ஆணியில் மாட்டினால் இரண்டு புரி கிடைக்கும். இரண்டு புரியையும் தனித்தனியாக வலப்பக்கம் முறுக்குங்கள். முறுக்கிய புரிகளை ஒன்றன்மேல் ஒன்றாக இடப்பக்கம் சுற்றுங்கள். கயிறு நிற்பதே இந்த எதிரெதிர் முறுக்கில்தான். புரி அவிழப் பார்க்கும்போது சுற்று இறுகும், சுற்று அவிழப் பார்க்கும்போது புரி இறுகும். இரண்டையும் ஒரே பக்கம் முறுக்கியவர்கள் கையை எடுத்ததும் கயிறு கலைந்து நாராகிவிடும். ஒட்டுப் போடும் இடம்தான் கைத்திறன். புரி மெலிகிறது என்று தெரிந்ததும், பழைய நார் இன்னும் ஒரு சாண் இருக்கும்போதே புது நாரைச் சேர்த்துவிட வேண்டும். இரண்டு புரிக்கும் ஒரே இடத்தில் ஒட்டு விழக் கூடாது. ஒன்றுக்கு இங்கே என்றால் மற்றதற்கு ஒரு முழம் தள்ளி. ஊரில் பெண்கள் தொடையில் வைத்து உருட்டித் திரிப்பார்கள். பழக்கமில்லாதவர்கள் தொடையில் கோணித் துணியை விரித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தோல் உரிந்துவிடும்.

இந்தக் கயிற்றை எதற்குப் பயன்படுத்தலாம்? மாமியார் ஊரில் மாட்டுத் தும்பு, கட்டில் பின்னல், உறி, பிரிமணை எல்லாமே இதுதான். வெள்ளையடிக்கும் மட்டையும் இந்த நாரிலேயே கட்டுவார்கள். எனக்கு அவரைப் பந்தல், பாகல் கொடி, தக்காளிச் செடிக்கு முட்டு, மாடியில் தொங்கும் தொட்டிகளுக்கு உறி. நைலான் கயிறு வெயிலில் பொடிந்து நூலாக மண்ணில் கலக்கிறது. இதைச் செடியோடு சேர்த்து உரக்குழியில் போட்டுவிடலாம். கிணற்றுக்கு மட்டும் இதைப் போடாதீர்கள். நனைந்து நனைந்து காய்ந்தால் உள்ளுக்குள் இற்றுப்போகும், வெளியே தெரியாது. ஒருநாள் வாளி கிணற்றோடு போய்விடும். தண்ணீரில் கிடக்கும் வேலைக்குத் தென்னங்கயிறுதான்.

அடுத்து, கம்பம். கற்றாழை வாழ்நாளில் ஒரே ஒருமுறை பூக்கும், பூத்தபின் தாய்ச்செடி செத்துப்போகும். நூறு ஆண்டுக்கு ஒருமுறை என்பது கதை. 10 முதல் 30 ஆண்டுக்குள் பூத்துவிடும். நடுவிலிருந்து இருபது, இருபத்தைந்து அடிக்குக் கம்பம் எழும்பும். சிசல் கம்பத்தில் பூ உதிர்ந்த இடங்களில் குட்டிக் கன்றுகள் கொத்துக் கொத்தாகத் தோன்றும்; விட்டால் நூற்றுக்கணக்கில் உதிர்ந்து பக்கத்து மனையெல்லாம் முளைக்கும். அந்தக் கன்று பெருகும் வேகம் லேசானதல்ல. 1893இல் ரிச்சர்ட் ஹின்டோர்ஃப் என்ற ஜெர்மானியர் ஃபுளோரிடாவிலிருந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலில் வரவழைத்த 1000 கன்றுகளில் பிழைத்தவை 62. இன்றைய தான்சானியாவின் சிசல் தோட்டத் தொழிலே அந்த 62இலிருந்து பெருகியதுதான். ஆகவே கன்று வேண்டாம் என்றால், கம்பம் பூவிடும் முன்பே வெட்டிச் சாய்த்துவிடுங்கள். வேண்டும் என்றால், கன்று விரல் நீளம் வந்ததும் கோணிப்பையை விரித்துத் தட்டிச் சேகரியுங்கள்.

கம்பத்தை முழுதாக முற்றிக் காயவிட்டு வெட்டினால் நீளமும் உண்டு, எடையும் இல்லை. உள்ளே வெறும் நெட்டி. என் வீட்டு முருங்கைக்குத் துரட்டிக்கோல் அதுதான். மூங்கில் துரட்டியைத் தூக்கிக் கை வலித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். அடிப்பக்கத்தைத் தரையில் ஊன்றி வைத்தால் கரையான் பிடிக்கும். படுக்கவைத்துக் கட்டித் தொங்கவிடுங்கள்.

புதிதாக வேலி போடுகிறவர்கள் தாய்ச்செடியின் அடியில் பக்கக்கன்றாக வருவதில் முழங்கால் உயரமுள்ளதைக் கடப்பாரையால் நெம்பி எடுங்கள். வேரை நறுக்கி, நிழலில் சில நாள் போட்டு வெட்டுக்காயம் உலர்ந்தபின் நடவேண்டும்; ஈரத்தோடு நட்டால் அழுகும். புரட்டாசியில் நட்டால் ஐப்பசி மழையில் பிடித்துக்கொள்ளும். எல்லையில் வாய்க்கால் வெட்டி, அந்த மண்ணையே வரப்பாகப் போட்டு, வரப்பின் மேல் மூன்றரை அடிக்கு ஒன்றாக இரண்டு வரிசை, ஒன்றுக்கொன்று இடைவெளி மறையும்படி நடுங்கள். மூன்று ஆண்டில் ஆடு நுழையாது. தாழ்ந்த நிலத்தில் இது ஆகவே ஆகாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் எப்படிக் கிடந்தன என்று பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் தேங்கும் இடத்தில் இதன் வேர் தாங்காது. நடைபாதை, குழந்தைகள் விளையாடும் இடம், தெருவைத் தொட்ட எல்லை ஆகியவற்றிலும் நடாதீர்கள். அந்த நுனி ஊசி சரியாகக் குழந்தையின் முகத்துக்கு நேரே நிற்கும்.

நட்டு விட்டுவிட்டால் வேலி நிலத்துக்குள் நடக்க ஆரம்பிக்கும். ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்குப் பின் மண் இளகியிருக்கும்போது, உட்பக்கம் வரும் கன்றுகளைக் கிழங்கோடு எடுத்துவிடுங்கள். கத்தியால் மேலே நறுக்குவது வீண் வேலை. எடுத்ததை மண்ணில் போடாமல் சிமெண்டுத் தரையிலோ கல்லின் மேலோ வேர் மேலாகக் கவிழ்த்து வையுங்கள். ஈரமண்ணைத் தொட்டால் மறுபடி பிழைத்துக்கொள்ளும். முழு வேலியையே எடுக்க நினைப்பவர்களுக்கும் இதே வழிதான், என்ன, இரண்டு மூன்று மழைக்குத் தொடர்ந்து செய்ய வேண்டும்.

மழைக்காலத்தில் மடல் இடுக்குகளில் தண்ணீர் நிற்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் வகைக் கொசுவுக்கு அந்தக் கையளவு தண்ணீரே போதும். வீட்டையொட்டிய செடிகளில் இடுக்கு நிறைய ஆற்றுமணலோ எம்-சாண்டோ போட்டுவிடுங்கள். டயரையும் தொட்டியையும் பார்க்க வருகிற மாநகராட்சிப் பணியாளர்கள் கற்றாழையை எட்டிப் பார்ப்பதில்லை, நாம்தான் பார்க்க வேண்டும்.

சொந்த வேலி இல்லாதவர்கள் ரயில் பாதையோரம் போய் வெட்டலாமா என்று கேட்கிறார்கள். கூடாது. அது ரயில்வே நிலம், அதைவிட முக்கியமாகத் தண்டவாளம் பக்கத்தில் இருக்கிறது. மனை சுத்தம் செய்கிறவர்களிடம் கேளுங்கள். எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கொடுப்பார்கள்.

கடைசியாகச் சக்கை. மலைபோல் சேரும். அதில் சபோனின் என்ற நுரைக்கும் பொருள் இருப்பதால் பிசைந்தால் நுரை வரும். அதைப் பார்த்துவிட்டுச் சீயக்காய்க்கு மாற்று என்று தலையில் தேய்க்கப் போகாதீர்கள். சக்கை பிழிந்த தண்ணீரையும் ஊறவைத்த தண்ணீரையும் ஏரியிலோ குட்டையிலோ விட்டால் மீன் செத்து மிதக்கும், மாடு வாய்வைக்காது. நிலத்தின் ஒதுக்குப்புறத்தில் குழி வெட்டி அதில் ஊற்றுங்கள். சக்கையைப் பச்சையாகச் செடிக்குப் போடவும் கூடாது, புளிப்பு அதிகம். ஒரு அடுக்குச் சக்கை, ஒரு அடுக்குச் சாணமும் காய்ந்த இலையும் என்று குவித்து, மாதம் ஒருமுறை புரட்டிவிடுங்கள். ஆறு மாதத்துக்குமேல் கிடந்து கறுத்து, கையில் எடுத்தால் மண்வாசனை அடித்தால், கத்தரிக்கும் வெண்டைக்கும் தாராளமாகப் போடலாம். பச்சை வாசனை மிச்சம் இருந்தால் இன்னும் ஒரு மாதம் விடுங்கள்.